அஞ்சலை கேட்ட இழுப்பறை

பேரன் புதிதாக வாங்கி வந்த மேசையின் இழுப்பறையைப் போன வாரம் இழுத்தேன். முகப்புப் பலகை மட்டும் கையோடு வந்துவிட்டது. மரத்தூளை அமுக்கிச் செய்த பலகை, நாலு பின் ஆணி, கொஞ்சம் பசை. பழைய பழக்கத்தில் மோந்து பார்த்தேன். ஒரு வாசனையும் இல்லை. எங்கள் காலத்துப் பசைக்கு வச்சிரம் என்று பெயர். மாட்டுத்தோலைக் காய்ச்சி எடுப்பது. அடுப்பில் ஏற்றினால் தெருவே மூக்கைப் பிடிக்கும். அந்த நாற்றத்தைக்கூட ஆசையாக நினைக்கிறேன் என்றால் என் வயதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் தேவனாம்பட்டினத்து மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவன். படகில் ஏறினால் வாந்தி எடுக்கிற ஒரே பிள்ளை. "இவன கரையிலயே வுட்டுடுங்க" என்று மாமா தீர்ப்புச் சொல்ல, கடலூரில் தச்சு வேலை கற்றேன். கல்யாணமானதும் அஞ்சலையோடு சிதம்பரத்துக்கு வந்து பட்டறை போட்டேன். அறுபதுகளின் நடுவில் அது. அண்ணாமலை நகர் குவார்ட்டர்ஸ் வீடுகளுக்கு மேசை, அலமாரி என்று வேலை வந்தபடி இருந்தது.

அங்கே பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்த எஸ்தர் அம்மா தனியாக வசித்தவர். இடித்துவிட்ட தன் அப்பா வீட்டின் தேக்குக் கதவைப் பட்டறையில் கொண்டுவந்து இறக்கி, "இதுல ஒரு மேஜ பண்ணிக் குடுங்க. ரெண்டு டிராயர் வேணும். ஆணி மட்டும் அடிச்சிடாதீங்க" என்றார்.

ஆணி இல்லாமல் என்றால் புறாவால் மூட்டுதான். ஒரு பலகையின் ஓரத்தில் புறாவின் வால் மாதிரி விரிகிற பற்கள், எதிர்ப் பலகையில் அவை உட்காரும் பள்ளங்கள். சரியாகக் கோர்த்துவிட்டால் எவ்வளவு இழுத்தாலும் முகப்பு பிரியாது. கோட்டின் மேல் அறுக்கக் கூடாது. கோட்டை ஒட்டி, கழிக்கிற பக்கம் அறுக்க வேண்டும். அதுவரை நான் செய்த மூட்டுகளில் விழுந்த சந்துகளை, மரத்தூளும் வச்சிரமும் குழைத்து அடைத்துத்தான் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை பிசகினால் வேறு மரம் கிடையாது. அந்தப் பயமோ என்னவோ, இரண்டாவது இழுப்பறை நகம்கூட நுழையாதபடி அமைந்தது. பசையே தேவைப்படவில்லை. அஞ்சலையைக் கூப்பிட்டுக் காட்டினேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்து, "சந்தே தெரியலியே" என்றாள்.

அந்த வாரமே அவளுக்கு வலி வந்துவிட்டது. எட்டாம் மாதம். பெண் குழந்தை. அழக்கூட அதற்குத் தெம்பில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது நர்சம்மா, "தூளியில போடாதீங்க, ஒடம்பு மடங்கிக்கும். சமமா படுக்க வைங்க. காத்து படாம, சூடு ஆறாம பாத்துக்கணும்" என்றார்.

அடைமழைக் காலம். ஒழுகுகிற ஓட்டு வீடு. தரையெல்லாம் ஈரம், எறும்பு. அஞ்சலை குழந்தையை மார்பைவிட்டு இறக்காமலே உட்கார்ந்திருந்தாள். கண் சொருகும்போதெல்லாம் திடுக்கிட்டு விழித்தாள். கடைசியில் பட்டறைப் பக்கம் கையைக் காட்டினாள்.

"என்னாங்க, அந்த டிராயர எடுத்தாங்க."

"அது அந்தம்மா பொருளு, அஞ்சல."

"ஆணி இல்ல, குத்தாது. சந்து இல்ல, காத்து வராது. பெறவு கேட்டுக்கலாம், எடுத்தாங்க."

இலவம்பஞ்சைப் பரப்பி, பழைய வேட்டியை மடித்துப் போட்டாள். வெந்நீர் நிரப்பிய பாட்டில்களைத் துணியில் சுற்றி இரண்டு பக்கமும் வைத்தாள். குழந்தையைக் கிடத்தினோம்.

மறுநாள் அண்ணாமலை நகருக்கு நடந்தேன். வழியெல்லாம் பக்குவமாக வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு போனவன், எஸ்தர் அம்மாவைப் பார்த்ததும் உளறிவிட்டேன். "மேஜ ஆயிடிச்சிம்மா. ஒரு டிராயர்ல கொழந்த இருக்குது."

முழுக்கதையையும் கேட்டுக்கொண்டார். "மூச்சு நல்லா விடுதா?" என்றார். பிறகு, "ஒரு டிராயரோட மேஜய கொண்டாந்து போடுங்க. இன்னொண்ணு அவளுக்குப் பத்தாம போனதும் வரட்டும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் முடிந்து நேராக எங்கள் வீட்டுக்கு வருவார். குழந்தையைத் தொடமாட்டார். தொட்டால் ஏதாவது ஆகிவிடுமோ என்று பயம். இழுப்பறையின் விளிம்பில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்துவிட்டுப் போவார்.

மழை விட்டு, பனியும் போய், வெயில் ஏறத் தொடங்கிய ஒரு காலையில் பலகையில் டொக்கென்று சத்தம் கேட்டது. குழந்தை காலால் உதைக்கிறது. அஞ்சலை அடுப்பை விட்டுவிட்டு ஓடிவந்தாள். அடுத்த உதைக்காக இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தோம்.

இழுப்பறை அவளுக்குப் பத்தாமல் போனதும், அதை எஸ்தர் அம்மா வீட்டுக்குக் கொண்டுபோய் மேசையில் சொருகினேன். வழுக்கிக்கொண்டு உள்ளே போனது; அடைபட்ட காற்று மேல் இழுப்பறையைக் கொஞ்சம் வெளியே தள்ளியது. அவ்வளவு கச்சிதமாக அதன் பிறகு எனக்கு எதுவும் அமையவில்லை. அடிப்பலகையில் மட்டும் குழந்தைக்குத் தடவிய தேங்காய் எண்ணெய் ஊறி இறங்கி, கறையாக இருந்தது.

"சீவிடட்டுங்களாம்மா?"

"வேணாம். இருக்கட்டும்."

எஸ்தர் அம்மா ஓய்வு பெற்றுச் சொந்த ஊர் போனபோது மேசையும் லாரியில் போனது. அவர் காலமாகிவிட்டார். மேசை இப்போது யார் வீட்டில் இருக்கிறதோ தெரியாது. நாங்கள் குடியிருந்த ஓட்டு வீட்டை இடித்து லாட்ஜ் கட்டிவிட்டார்கள். அந்தக் குழந்தைக்குத் தலை நரைத்துவிட்டது. "நான் எவ்ளோப்பா இருந்தேன்?" என்று எப்போதாவது கேட்பாள். நான் இரண்டு கைகளையும் விரித்துக் காட்டுவேன். அஞ்சலை எந்த வேலையில் இருந்தாலும் வந்து, "அவ்ளோ ஏது" என்று என் கைகளைப் பிடித்து இன்னும் கிட்டத்தில் நெருக்கி வைப்பாள்.

அவள் போய் மூன்று வருஷமாகிறது. மகள் இப்போதும் கேட்கிறாள். நானும் காட்டுகிறேன். கைகள் விரித்தது விரித்தபடியே நிற்கின்றன.