அப்பாவுக்கான வரிச்சலுகை

வருமான வரியில் இருக்கும் சலுகைகள் அத்தனையையும் ஒழித்துவிட வேண்டும் என்று ஒரே பக்கத்தில் எழுதி வைத்திருந்தேன். சிங்கப்பூரில் பட்ஜெட்டுக்கு முன்பு பொதுமக்களிடம் கருத்துக் கேட்பார்களே, அதற்கு அனுப்ப. எல்லாருக்கும் ஒரே விகிதம், படிவத்தில் நான்கே கட்டங்கள். பொருளாதாரம் படித்து முடித்த சூடு. எம்ஆர்டி ரயிலில் நின்றபடியே அதைப் பத்துத் தடவை படித்துப் பூரித்திருக்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தேக்கா உணவங்காடியில் அண்ணனும் அக்காவும் மோதிக்கொண்டார்கள். பக்கவாதத்தில் படுத்துவிட்ட அப்பாவைப் பராமரிப்பதற்கு வரிச்சலுகை உண்டு. பிள்ளைகள் பங்கிட்டுக்கொள்ளலாம், ஆனால் தங்களுக்குள் ஒத்துப்போக வேண்டும்.

“எனக்கே விட்டுக்கொடுத்துடேன். உன் பார்ட் டைம் சம்பளத்துக்கு வரியே வராது. வீணாதானே போகுது?” என்றான் அண்ணன்.

“போகட்டும்ணே. தினம் குளிப்பாட்டுறது நானு. அந்த ஃபார்ம்ல என் பேரு இருக்கணும்.”

“ஆஸ்பத்திரி பில்ல யாரு கட்டுறா? ஃபார்மா கட்டுது?”

நான் உற்சாகமாக உள்ளே புகுந்தேன். “சண்டையே வேணாம் லா. இந்தச் சலுகையையே எடுத்துடணும்னுதான் எழுதியிருக்கேன்!” கைப்பேசியை நீட்டினேன்.

அக்கா கடைசிவரை படித்தாள்.

“நல்ல வேலைய விட்டுட்டு ஆங் மோ கியோ வீட்டுல அப்பாவோட நாலு செவுத்துக்குள்ள கெடக்குறேன். வேற எந்தக் காயிதத்துலயும் அது இல்லடா. இதையும் எடுத்துட்டா, அப்பாவ நீங்களே வந்து கூட்டிட்டுப் போங்க.”

அண்ணன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

அன்றே திருத்த உட்கார்ந்தேன். ‘உடன் வாழ்பவருக்கு மட்டும் சலுகை’ என்றெழுதிக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். “அப்போ நான் புள்ள இல்லையா?” என்று அண்ணன் கேட்டான். ‘செலவு செய்பவருக்கும்’ என்று சேர்த்தேன். எவ்வளவு செலவு? யார் சரிபார்ப்பது? வீட்டில் பணிப்பெண் இருந்தால்? ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பிரிவு முளைத்தது. சோம்பேறி அதிகாரிகளும் தந்திரக்காரப் பணக்காரர்களும்தான் சட்டத்தைச் சிக்கலாக்குகிறார்கள் என்று நம்பியிருந்தவன் நான். என் ஒரு பக்கம் மூன்று பக்கமாகிவிட்டது, அதுவும் ஒரே குடும்பத்துக்கு.

கருத்து அனுப்பக் கடைசி நாள் மாலை அக்கா அழைத்தாள்.

“அனுப்பிட்டியா?”

“இன்னும் இல்லக்கா. உனக்குன்னு ஒரு பிரிவு வச்சிட்டேன்.”

“அண்ணனுக்கு?”

“அவனுக்கும்.”

“பாத்துக்கிட்டவளும் காசு குடுத்தவனும் ஒண்ணுதான், இல்ல? சரி. நான் கெளம்புறேன். அப்பாவப் பாத்துக்க அவன வரச் சொல்லு.”

அண்ணனுக்கு நான்கு முறை ஃபோன் அடித்தேன். எடுக்கவில்லை. மூன்று பக்கங்களையும் அப்படியே விட்டுவிட்டு அப்பாவிடம் போக ஜூரோங்கிலிருந்து ரயிலேறினேன். அப்பாவை எப்படித் தூக்கி உட்காரவைப்பது என்றுகூட எனக்குத் தெரியாது.