குழிக்கு மேலே நின்றவர்

இது நடந்தது. கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளட்டும், எனக்கொன்றும் நட்டமில்லை. ஆனால் இதை என்னிடம் சொன்னவனுக்குப் பொய் சொல்லவே வராது. சீட்டாட உட்கார்ந்தால், நல்ல சீட்டு வந்ததை முகத்திலேயே காட்டிக்கொடுத்துவிட்டுத் தோற்றுப்போகிற ஆள். அவன் அக்கா அவனைத் தம்பி என்று கூப்பிடுவாள். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

பேய் என்றால் நடுராத்திரியில்தான் வரும் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். இது பட்டப்பகலில் நடந்தது. மத்தியானம் மூன்று மணி பத்து நிமிடம்.

தம்பி வேலை பார்த்தது நீலக்கல் தொழிற்சாலையில். பெயர்தான் நீலக்கல், கல்லில் நீலம் மருந்துக்குக்கூட இருக்காது. தண்ணீரைப் போலத் தெளிவாக இருக்கும். வெள்ளைப் பொடியை உலையில் உருக்கி, விரல் நீளத் துண்டு ஒன்றை விதையாக வைத்து, ஒரு மாதம் பொறுமையாகக் குளிரவைத்தால் ஆள் தூக்க முடியாத பாளமாகக் கல் வளர்ந்து நிற்கும். அதைச் சீவிச் சீவிப் போனுக்குத் திரை போடுவார்கள். சாவியால் கீறினாலும் கோடு விழாது. பெரிய போன் கம்பெனி ஒன்று, எவ்வளவு செய்தாலும் எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லியிருந்தது. ஊருக்கே யோகம் அடித்தது. ஒரு மாடி வைத்திருந்தவர்கள் இரண்டாவது மாடி எழுப்பி வாடகைக்கு விட்டார்கள். தையல்கடை வைத்திருந்தவர் கடையை மூடிவிட்டுச் சாப்பாட்டு மெஸ் போட்டார்.

அப்புறம் அந்தப் புது போன் கடைக்கு வந்தது. மேலே சாதாரணக் கண்ணாடி.

அவ்வளவுதான். ஒரே வாரத்தில் எல்லாம் முடிந்தது. கல் பாதி வளர்ந்திருந்த உலைகளைக்கூட அப்படியே அணைக்கச் சொன்னார்கள். ஒரு மணி நேரத்தில் எல்லாரும் வெளியே போக வேண்டும் என்று உத்தரவு. மறுநாளிலிருந்து வேறு ஊர்களுக்கு ஆள் ஏற்ற வேன்கள் வந்து நின்றன. யார் எந்த வேனில் ஏறினார்கள், யார் ஏறவில்லை என்று பார்க்க ஒருவருக்கும் தெம்பில்லை. எழுப்பிய மாடிகளில் காற்று வாங்கிக்கொண்டு பல்லிகள் குடியிருந்தன.

அந்த வாரம்தான் அத்தானும் காணாமல் போனார். அதாவது தம்பியின் அக்கா புருஷன்.

அத்தானும் தம்பியும் அதே தொழிற்சாலையில் ஜோடியாக வேலை செய்தவர்கள். ஒவ்வொரு உலைக்கும் அடியில் ஆள் உயரத்துக்கு ஒரு குழி உண்டு. குழாய்களெல்லாம் அங்கேதான். உலைக்குள் போகிற ஆர்கான் வாயு கசிந்தால் குழியில் போய்த் தங்கிவிடும். அதற்கு நிறமும் இல்லை, வாடையும் இல்லை. மூச்சு முட்டுகிற மாதிரிகூடத் தெரியாது. கொட்டாவி வருகிற மாதிரி இருக்கும், அப்படியே சாய்ந்துவிடுவான் மனுஷன். அதனால் குழிக்குள் யாரும் தனியாக இறங்கக் கூடாது. ஒருவர் இறங்கினால் ஒருவர் மேலே நிற்க வேண்டும். நிற்பவர் விட்டு விட்டுக் கேட்டுக்கொண்டே இருப்பார். இருக்கியா? கீழே இருப்பவர் பதில் சொல்ல வேண்டும். இருக்கேன். பதில் வரவில்லையென்றால் கயிற்றைப் பிடித்து இழுத்துவிட வேண்டியதுதான்.

இந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. அக்கா குளிக்கப் போனால்கூட அத்தான் வெளியே நின்று, "இருக்கியா?" என்பார். "இருக்கேன், எங்க போயிடப் போறேன்?" என்பாள் அக்கா. தம்பி தலையில் அடித்துக்கொள்வான்.

தொழிற்சாலையை மூடிய அன்று சாயங்காலம், வேலை போன கடுப்பில் புருஷன் பெண்டாட்டிக்குள் ஏதோ வாய்த்தகராறு. ஒரு வேலை பாக்கி இருக்கிறது, இதோ வருகிறேன் என்று செருப்பை மாட்டிக்கொண்டு போனார் அத்தான். திரும்பவே இல்லை. வேன் ஏறிவிட்டார் என்றது தெரு. போலீசும் அதையேதான் சொன்னது. தம்பியும் அதையே நம்பினான். கட்டினவளை நட்டாற்றில் விட்டுவிட்டு ஓடினவன் என்று வாயில் வந்தபடியெல்லாம் ஏசினான். அக்கா ஒரு வார்த்தை பேச மாட்டாள்.

ஒரு வருஷம் போனது. உலைகளை ஏலத்தில் எடுத்த வெளியூர்க் கம்பெனி, அவற்றைக் கழற்றிக் கொண்டுவருவதற்குத் தம்பியைப் பிடித்தது. கழற்றி முடித்தால் அங்கேயே நிரந்தர வேலை. குடும்பத்தோடு குடிபோக வேண்டியதுதான். ஆனால் அக்கா வீட்டை விட்டு அசைய மாட்டேன் என்றாள். அவளைத் தனியாக விட்டுவிட்டு இவனாலும் போக முடியாது. இந்த வேலையும் கைநழுவினால் அடுத்து என்ன என்று தெரியாது. அந்த மனுஷன் வர மாட்டார் என்று அவளுக்கு எப்படிப் புரியவைப்பது என்பதுதான் அவனுக்கு ஒரே கவலை.

அன்றைக்கு முப்பதாவது உலை. துணைக்கு இருந்தது கிரேன்காரர் ஒருவர்தான். வயதில் பெரியவர், ஆனாலும் தம்பியை வாங்க போங்க என்றுதான் பேசுவார். உலைக்கூடத்துக்கு ஜன்னல் கிடையாது. வெளியே வெயில் கொளுத்துகிறது, உள்ளே கும்மிருட்டு. ஜெனரேட்டரில் எரிகிற ஒரே ஒரு விளக்கு.

வாயு சிலிண்டர்கள் எல்லாம் காலி என்று சொல்லியிருந்தார்கள். இருந்தாலும் தம்பி பழக்கத்தை விடவில்லை. இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, கிரேன்காரரை மேலே நிறுத்திவிட்டு இறங்கினான்.

"இருக்கீங்களா?"

"இருக்கேன்."

குழாயின் கடைசி போல்ட்டைத் தளர்த்தினான். உஸ்ஸ்ஸ்… என்று மெல்லிய சத்தம். குழாயில் மிச்சமிருந்த காற்று என்று நினைத்தான்.

"இருக்கீங்களா?"

"இருக்கேன்."

கொஞ்ச நேரம் மேலே சத்தமே இல்லை. பிறகு…

"இருக்கியா?"

"இருக்கேன்," என்றான். சொன்ன பிறகுதான் உறைத்தது. இதென்ன, திடீரென்று ஒருமையில் கூப்பிடுகிறார்? பெரியவர்தானே, கூப்பிட்டுவிட்டுப் போகட்டும் என்று ஸ்பானரைத் திருப்பினான்.

"இருக்கியா?"

இந்த முறை குரல் வேறு பக்கத்திலிருந்து வந்தது. கிரேன்காரர் நின்றது வலப்பக்கம். இது இடப்பக்கம். முப்பத்தொன்றாவது உலை இருக்கிற பக்கம்.

"இருக்கேன்…"

கொட்டாவி வந்தது. கண் சொருகியது. கை ஸ்பானரை எங்கேயோ விட்டுவிட்டது. சுவரில் சாய்ந்தால் நன்றாக இருக்கும் போல இருந்தது.

"இருக்கியா?"

பதில் சொல்ல வாய் வரவில்லை.

"இருக்கியாடா?"

அந்த 'டா' தம்பிக்குத் தெரியும். பதினோரு வருஷமாகக் கேட்ட 'டா'.

"மேல வாடா. வா."

கயிறு இறுகியது.

யாரோ இழுத்தார்கள்.

எப்படி ஏணியைப் பிடித்தான் என்று அவனுக்கு நினைவில்லை. மேலே வந்து தரையில் குப்புற விழுந்து இருமினான். தலையைத் தூக்கிப் பார்த்தான்.

யாரும் இல்லை.

கயிற்றின் மறுமுனை… தரையில் சும்மா கிடந்தது.

சுவர்க் கடிகாரம் என்றைக்கோ நின்றுபோனது. போனை எடுத்துப் பார்த்தான். மூன்று பத்து.

ஒரு காகிதத்தைக் கொளுத்திக் குழிக்குள் போட்டான். பாதி வழியிலேயே… பொசுக்கென்று அணைந்தது. குழி நிறைய வாயு.

கிரேன்காரர் ஓடிவந்தார். கையில் போன். கூடத்துக்குள் சிக்னல் இல்லையென்று வெளியே போனவர், வீட்டிலிருந்து வந்த அழைப்பில் அப்படியே பேசிக்கொண்டு நின்றுவிட்டாராம். தலையில் அடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். தம்பி காதில் எதுவும் விழவில்லை. அவன் முப்பத்தொன்றாவது குழியையே பார்த்துக்கொண்டிருந்தான். இரும்பு மூடி போட்டிருந்தது. மேலே ஒரு வருஷத்துத் தூசி.

ஏன் கேட்டான் என்று அவனுக்கே தெரியவில்லை. ஆனால் கேட்டான்.

"அத்தான்… இருக்கீங்களா?"

மூடியின் மேல் காதை வைத்தான்.

பிறகு, மூடிக்கு அடியிலிருந்து…

"இருக்கேன்."

கிரேன்காரரும் கேட்டார். இன்றைக்கும் சத்தியம் செய்வார்.

மூடியைத் தூக்கினார்கள்.

அத்தான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். காற்றில்லாத குழியில் ஒரு வருஷம் இருந்ததால் உடம்பு அழுகவில்லை, வற்றிப்போயிருந்தது என்று அப்புறம் டாக்டர் சொன்னார். அன்றைக்குப் போட்டுக்கொண்டு போன அதே சட்டை. கையில் ஸ்பானர். எதிரே இருந்த வால்வை இறுக்க மூடியிருந்தார். அவசரத்தில் எல்லாரும் கிளம்பியபோது அந்த ஒரு வால்வை மூடாமல் போயிருக்கிறார்கள். அடுத்து இறங்குகிறவன் செத்துப்போவானே என்று மூடப் போயிருக்கிறார் மனுஷர். மேலே நின்று கேட்கத்தான் ஆளில்லை. மறுநாள் காவலாளிகள் குழிகளையெல்லாம் எட்டிக்கூடப் பார்க்காமல் மூடிவிட்டுப் போயிருக்கிறார்கள். ஊரே காலியாகிக்கொண்டிருந்தபோது ஒரு ஆள் குறைந்தது யார் கண்ணில் படும்?

ஓடிப்போனவர் என்று ஏசின வாயாலேயே தம்பி கதறி அழுதான். அந்த மனுஷரைப் போய் அப்படிப் பேசினேனே என்று என்னிடம் சொல்லும்போதும் அழுதான்.

அக்கா அழவில்லை. காரியமெல்லாம் முடிந்து, வந்தவர்களும் கிளம்பிப் போன பிறகு, பெட்டியை எடுத்துவைத்துத் துணிகளை மடிக்க ஆரம்பித்தாள். ஒரு வருஷமாக மாட்டேன் என்றவள், இப்போது யாரும் கூப்பிடாமலே கிளம்புகிறாள். தம்பிக்கு ஒன்றும் புரியவில்லை.

"ஓடிப்போயிட்டாருன்னு நீங்கல்லாம்தான் சொன்னீங்க," என்றாள். "நான் என்னிக்காவது சொன்னேனா?"

"பின்ன நீ என்னக்கா நெனச்ச?"

"தினமும் நான் குளிக்கும்போது வெளிய நின்னு கேப்பாருடா. இருக்கியான்னு. இருக்கேன்னு சொல்லுவேன். கதவைத் திறந்தா ஆள் இருக்காது. சொன்னா பைத்தியம்னு சொல்லுவீங்க. வீட்டை விட்டுட்டு வந்துட்டா அவரு யாரைக் கேப்பாரு? அதான் வரமாட்டேன்னேன்."

இப்போதும் கேட்கிறதா என்றான் தம்பி.

அக்கா மடித்த புடவையை மறுபடி பிரித்து, மறுபடி மடித்தாள்.

"கடைசியாக் கேட்டது அன்னிக்குத்தான். நீ குழியில இறங்கினியே, அன்னிக்கு. அதிசயமா மத்தியானத்துலயே வந்தாரு. நான் கொடியில துணி எடுத்துக்கிட்டிருந்தேன். முதுகுக்குப் பின்னாடி குரல் கேட்டுச்சு. அன்னிக்கு இருக்கியான்னு கேக்கல."

"வேற என்ன கேட்டாரு?"

"தம்பி இருக்கானான்னு கேட்டாரு. இல்லையே, ஃபேக்டரிக்குல்ல போயிருக்கான்னேன். சரி, நான் போய்ப் பாக்கறேன்னாரு. உள்ள வந்து மணியைப் பார்த்தேன். மூணு அஞ்சு."

பெட்டியை மூடிப் பூட்டினாள்.

"அதுக்கப்புறம் வரவே இல்லடா."