ஒண்டையும் தொடாதீங்க

கரைத்தீவில் றுஷ்னா என்ன வேலை செய்கிறாள் என்று சரியாகத் தெரிந்தவர்கள் குறைவு. "கொம்பியூட்டர் திருத்திற புள்ள" என்பார்கள். பிரின்டர் பழுதானால் தூக்கிக்கொண்டு வருவார்கள். அவள் மறுத்துச் சொல்வதில்லை. விளக்கிச் சொல்லும் தெம்பு அவளிடம் எப்போதோ தீர்ந்துபோயிருந்தது.

கொழும்பிலுள்ள ஒரு கம்பெனிக்காக வீட்டிலிருந்தபடியே அவள் வேலை செய்தாள். எங்காவது ஒரு கணினிக்குள் கள்ளன் புகுந்துவிட்டால், எந்த வழியால் வந்தான், எதை எடுத்தான், இன்னும் உள்ளேதான் இருக்கிறானா என்று தேடிப் பார்ப்பது அவள் பொறுப்பு. பெற்றோர் தொண்ணூறாம் ஆண்டில் மன்னார் முஸ்லிம்கள் எல்லோரோடும் சேர்த்துத் துரத்தப்பட்டு வந்தவர்கள். அவள் பிறந்தது இங்கே. கொழும்பில் படித்து அங்கேயே வேலைக்கும் சேர்ந்தவள், உம்மா அலீமா வாதத்தில் விழுந்த பிறகு திரும்பி வந்துவிட்டாள். உம்மாவைக் குளிப்பாட்டி, கஞ்சி பருக்கி, கட்டிலில் திருப்பிப் படுக்க வைத்த பிறகு லெப்டொப்பின் முன்னால் வந்து உட்காருவாள். அப்போதே முதுகு வலிக்கத் தொடங்கியிருக்கும். களவு போன வீடுகளுக்குப் பிந்திப் போய் நிற்பதே தன் பிழைப்பாகிவிட்டது என்று சில நாட்களில் நினைத்துக்கொள்வாள்.

ஆலங்குடாவில் கடற்கரை விடுதி நடத்தும் நஸீம் ஒருநாள் காலையில் அவளுக்கு அழைப்பெடுத்தார். வாப்பா வழியில் தூரத்துச் சொந்தம், அண்ணன் முறை. 'நானா' என்றுதான் கூப்பிடுவாள்.

"தங்கச்சி, அவன் திரும்பவும் வந்துட்டான்."

"ஆரு நானா?"

"கள்ளன்தான். எங்கட பேர்ல கெஸ்ட்மாருக்கு மெசேஜ் போகுது. புக்கிங் கென்சலாகாம இருக்க கார்ட் நம்பர திரும்ப அடிக்கச் சொல்லி. போன காத்துக் காலத்துச் சீசன்லயும் இப்பிடித்தான் நடந்திச்சு."

போன தடவை என்ன செய்தீர்கள் என்று கேட்டாள். புக்கிங் பக்கத்தைக் கட்டிக்கொடுத்த சிலாபத்து ஆள், இருந்த கொன்டெய்னரை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்றை எழுப்பிக் கொடுத்தாராம். அரை மணித்தியாலத்தில் எல்லாம் சரியாம். "உள்ளுக்குள்ள ஆரோ பாஸ்வேர்ட் குடுத்திருக்காங்க" என்றும் சொன்னாராம். முன்மேசையில் இருந்த ஸியாத்துக்குத்தான் அந்தப் பாஸ்வேர்ட் தெரியும். எல்லா வேலையாட்களுக்கும் முன்னால் வைத்து அவனைக் கள்ளன் என்று சொல்லி, நஸீம் வேலையை விட்டு நிறுத்தியிருந்தார்.

றுஷ்னா கண்ணை மூடிக்கொண்டாள். இந்தக் கதையை வேறு பெயர்களோடு பலமுறை கேட்டிருக்கிறாள்.

கொன்டெய்னர் என்று அவர்கள் சொன்னது துறைமுகத்து இரும்புப் பெட்டியை அல்ல. ஒரு மென்பொருளை, அது ஓடுவதற்குத் தேவையான எல்லாவற்றோடும் சேர்த்துத் தனியே அடைத்து வைக்கும் ஏற்பாடு அது. பழுதாகிவிட்டால் மினக்கெட்டுத் திருத்த வேண்டியதில்லை. அழித்துவிட்டு, மூலப் பிரதியிலிருந்து இன்னொன்றை எழுப்பிவிடலாம். எல்லோருக்கும் பிடித்த அந்த வசதிதான் றுஷ்னாவுக்குத் தலையிடி. அழிக்கும்போது கள்ளனின் தடயமும் சேர்ந்து அழிந்துவிடுகிறது.

"நானா, இந்த முற ஒண்டையும் தொடாதீங்க. அழிக்கவும் வேணாம், ஓஃப் பண்ணி ஓன் பண்ணவும் வேணாம். சிலாபத்து ஆளுக்கும் சொல்லிடுங்க."

"புக்கிங் நிண்டு போகுமே."

"நிக்கட்டும்."

அவர் அனுப்பிய லொகின் விபரத்தை வைத்து விடுதியின் புக்கிங் கணினிக்குள் போனாள். கொன்டெய்னரை நிறுத்தவில்லை, இருந்தபடியே உறைய வைத்தாள். நிறுத்திவிட்டால் நினைவகத்தில் ஓடிக்கொண்டிருப்பது போய்விடும். நினைவகத்தில் இருந்ததையும் கோப்புகளையும் பிரதியெடுத்துத் தன் கணினிக்கு இறக்கினாள். அங்கே தனக்கென்று ஒரு கொன்டெய்னரை எழுப்பி, இணையத்தோடு அதற்கிருந்த தொடர்பைத் துண்டித்து, பார்க்க மட்டும் முடியும், மாற்ற முடியாது என்ற விதத்தில் பிரதியை அதற்குள் வைத்தாள். உள்ளே நஞ்சு இருந்தால் அவளுடைய கணினிக்குப் பரவுவது கடினம். வேலை முடிந்ததும் அதை எறிந்துவிடலாம்.

நடுவில் கரண்ட் போனது. உம்மா கூப்பிட்டாள். அவளுக்குத் துணி மாற்றிவிட்டு வந்து, லெப்டொப் பற்றரியில் மிச்சமிருந்த வெளிச்சத்தில் தொடர்ந்தாள். மூலப் பிரதியில் இருந்தவற்றையும் இப்போது இருப்பவற்றையும் ஒப்பிட்டபோது, புதிதாக ஒரு கோப்பு தென்பட்டது. விருந்தினர்கள் பாஸ்போர்ட் படம் ஏற்றும் பக்கத்தினூடாக வந்திருந்தது. படம் என்ற பெயர். உள்ளே கள்ளனின் கட்டளைகள். ஏற்றப்படுவது உண்மையிலேயே படம்தானா என்று சரிபார்க்க வேண்டிய மென்பொருள் மிகப் பழையது, யாரும் புதுப்பித்திருக்கவில்லை. மூலப் பிரதியிலேயே அந்த ஓட்டை இருந்தது. எத்தனை தடவை அழித்து எழுப்பினாலும் அதே ஓட்டையோடுதான் எழும்பும்.

உள்ளே வருவதற்குக் கள்ளன் எவருடைய பாஸ்வேர்டையும் பாவிக்கவில்லை. ஸியாத்தின் கணக்கு அவன் போன அன்றே மூடப்பட்டிருந்தது.

கண்டுபிடித்த சந்தோசம் வரவில்லை. வெறுமனே களைப்பாக இருந்தது. அறிக்கையை எழுதி அனுப்பினாள். நஸீம் வாசித்துவிட்டு அழைத்தார்.

"அப்ப போன தடவயும் ஸியாத் செய்யல்ல எண்டு எழுதலாம்தானே?"

"அத எழுத ஏலாது நானா. அப்பவும் அதே ஓட்ட இருந்திச்சு. அதாலதான் வந்திருப்பான் எண்டு நான் நினைக்கிறன். ஆனா பாக்கிறதுக்கு ஒண்டுமே மிச்சமில்ல. நீங்க அழிச்சிட்டீங்க."

"சிலாபத்தான் சொன்னதக் கேட்டு..."

"அவர் சாமானத்தான் அழிச்சார். புள்ளய ஏசினது நீங்க."

அவ்வளவு நேரடியாகச் சொல்ல அவள் நினைத்திருக்கவில்லை. களைத்துப்போனால் வாயில் மறைப்பு இருப்பதில்லை. நஸீம் ஸியாத்தின் நம்பரைத் தந்து, "நீங்களே ஒருக்கா கதைச்சுப் பாருங்க, எனக்கு மூஞ்சியில்ல" என்றார்.

ஸியாத் நுரைச்சோலைப் பக்கம் ஒரு வெங்காயத் தோட்டத்தில் வேலை செய்துகொண்டிருந்தான். பின்னால் தண்ணீர் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் அவளை அக்கா முறை வைத்து 'ராத்தா' என்றே கூப்பிட்டான்.

"அந்த ரிப்போட்ல நான் செய்யல்ல எண்டு இரிக்கா ராத்தா?"

"நீங்க செஞ்சதுக்கு ஒரு சான்றும் இல்ல எண்டு இருக்கு."

"ரெண்டும் ஒண்டில்லயே."

"இல்ல," என்றாள் றுஷ்னா. "ஒண்டில்ல. என்னால ஏலுமானது அவ்வளவுதான்."

மோட்டார் சத்தம் தேய்ந்துபோனது. அவன் தான் நின்ற இடத்திலிருந்து நடந்து வந்திருக்க வேண்டும். "கலியாணம் ஒண்டு பேசி வந்தாங்க ராத்தா. அது நிண்டு போச்சு. உம்மாக்குத்தான் தாங்க ஏலாம போயிட்டு," என்றான். "எனக்கு வேல வேணாம். ஆக்களுக்கு முன்னுக்கு வெச்சுச் சொன்னவரு. அதே ஆக்களுக்கு முன்னுக்கு வெச்சுத் திருப்பிச் சொல்லட்டும்."

அவள் அதை அப்படியே நஸீமிடம் சொன்னாள். அவர் முதலில் தயங்கினார். விடுதி நடத்துகிற ஆள் வேலையாட்களுக்கு முன்னால் எப்படிப் பணிவது என்றார். றுஷ்னா வாதாடவில்லை. "நீங்க யோசிங்க நானா" என்று போனை வைத்துவிட்டாள். அந்த ஓட்டையை அடைத்து, எல்லாப் பாஸ்வேர்டையும் மாற்றி, கார்ட் நம்பர் கொடுத்துவிட்ட விருந்தினர்களுக்கு எழுத வேண்டியதையும் எழுதிக் கொடுத்தாள். அதற்குள் கொழும்பிலிருந்து வேறு வேலை வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து நஸீம் அழைத்தார். குரல் தணிந்திருந்தது. காலையில் சமையல்காரர், துப்புரவு செய்பவர்கள், படகுக்காரர்கள் எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தி, தான் பிழையாகச் சொல்லிவிட்டதாகச் சொன்னாராம். ஸியாத் ஓரமாக நின்று கேட்டானாம். திரும்ப வேலைக்கு வரச் சொன்னதற்குத் தலையை ஆட்டி மறுத்தானாம். பால் விடாத பிளேன்டி ஒன்றைக் குடித்துவிட்டு வெங்காயத் தோட்டத்துக்கே போய்விட்டானாம்.

"அவன்ட உம்மாவப் போய்ப் பாக்கவா தங்கச்சி?"

"போங்க நானா. கட்டாயம் போங்க."

"அப்ப நீங்க மாசா மாசம் எங்கட சிஸ்டத்தக் கொஞ்சம் பாத்துத் தருவீங்களா?"

பிறகு சொல்கிறேன் என்றாள். போனை அணைத்து வைத்தாள். உம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். ஊரை ஒட்டிய களப்பு நீர்ப்பரப்பிலிருந்து வந்த காற்றில் ஜன்னல் சீலை ஆடிக்கொண்டிருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் பாயை விரித்துப் படுத்தவள், பின்னேரம் அஸர்த் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் வரைக்கும் அசையவில்லை.