என் கல்யாணத்தில் நான் கேட்காத பாட்டு

கேட்கக் கேட்கச் சலிக்காத பாட்டு எது என்று என்னைக் கேட்டால் நான் எந்த வித்வானையும் சொல்ல மாட்டேன். எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் தாலி கட்டி முடித்ததும் ஊர் நாவிதர் எழுந்து நின்று பாடுவாரே, அந்த வாழ்த்துப் பாட்டைத்தான் சொல்வேன். ஒரே மெட்டு, ஏற்ற இறக்கம் அதிகம் கிடையாது. ஒவ்வொரு அடி முடிகிற இடத்திலும் மேளக்காரர் ஒரு தட்டுத் தட்டுவார். அவ்வளவுதான் சமாசாரம். இருந்தும் கோயமுத்தூர்ச் சுற்றுவட்டாரத்தில் எந்தச் சொந்தக்காரர் வீட்டில் பந்தல் போட்டாலும், வண்டியில் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்துகொள்வது நான்தான். "இவளுக்குச் சோத்து மேல கண்ணு" என்று அண்ணன் கேலி பண்ணுவான். சோறும் பிடிக்கும், இல்லையென்று சொல்லவில்லை.

அந்தப் பாட்டு முழுக்க ஒரு கல்யாணத்தின் கதை. பந்தற்கால் நடுவதில் ஆரம்பித்து, உறவுமுறை வந்து இறங்குவது, மாப்பிள்ளை குளித்து உடுத்துவது, பெண்ணுக்கு நகை பூட்டுவது, பந்தியில் என்னென்ன பரிமாறினார்கள் என்பது வரைக்கும் வரும். தினம் கம்மங்கூழ் குடிக்கிற வீடானாலும் பாட்டில் மாப்பிள்ளை குதிரையில்தான் வருவார். பாடி முடிக்கும் வரை பெண்ணும் மாப்பிள்ளையும் கை கோத்து உட்கார்ந்திருக்க வேண்டும். கோத்த கையின் மேல் ஒரு துணியைப் போட்டு மூடியிருப்பார்கள். மற்ற நாளெல்லாம் பாடுகிறவரை "வாப்பா, போப்பா" என்று அதிகாரம் செய்கிற பெரிய மனிதர்கள்கூட அவர் ஆரம்பித்ததும் வாயை மூடிக்கொள்வார்கள். அதைப் பார்க்கவும் எனக்குப் பிடிக்கும்.

கேட்டுக் கேட்டு எனக்கு அது மனப்பாடமாகிவிட்டது. பருத்தி எடுக்கும்போது எனக்குள்ளேயே சொல்லிப் பார்ப்பேன். ஆனால் அதெல்லாம் அடுத்தவர்களுக்காகப் பாடியது. எனக்கென்று ஒருநாள் அவர் பாட வேண்டும், நான் தலை குனிந்து உட்கார்ந்து முழுக்கக் கேட்க வேண்டும் என்று சின்ன வயதிலிருந்தே ஆசை. வீட்டில் மாப்பிள்ளை யார், தோட்டம் எவ்வளவு, கிணற்றில் தண்ணீர் எப்படி என்று பேசிக்கொண்டிருந்தபோது நான் கேட்ட ஒரே கேள்வி, பாடுவது நம்ம ஊர்க்காரர்தானே என்பது. அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், கோயமுத்தூரில் மில்லுக்கு மேல் மில்லாக எழும்பிக்கொண்டிருந்த காலம். அந்த வைகாசியில் முகூர்த்தங்கள் எக்கச்சக்கம். எங்கள் பாட்டுக்காரர் நாலு நாளில் மூன்று கல்யாணம் பாடிவிட்டு நாலாவதாக என் கல்யாணத்துக்கு வந்து நின்றார். தாலி கட்டியாயிற்று. கையைக் கோத்துத் துணியைப் போட்டாயிற்று. அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வாயைத் திறந்தார். காற்றுதான் வந்தது. செருமிக்கொண்டு மறுபடியும் திறந்தார். மறுபடியும் காற்றுதான். மேளக்காரர் மட்டும் பழக்க தோஷத்தில் ஒரு தட்டுத் தட்டிவிட்டார்.

சுக்கு கொடுத்தார்கள், மிளகு கொடுத்தார்கள், பனங்கற்கண்டு கொடுத்தார்கள். ஒன்றுக்கும் தொண்டை திறக்கவில்லை. பாவம், அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

மாப்பிள்ளையின் தாய்மாமனுக்கு மில்லில் மேஸ்திரி வேலை. பந்தலில் எல்லோரும் பார்க்கட்டும் என்று ஒரு கிராமபோன் பெட்டியைக் கொண்டுவந்து வைத்திருந்தார். "ஏனுங்க, இதுக்குப் போயி என்னத்துக்கு ரோசனை? ஒரு பிளேட்டப் போட்டு உட்டா ஆச்சு" என்றவர், யாரும் தடுப்பதற்குள் சாவி கொடுத்துப் போட்டும்விட்டார். அவரிடம் இருந்ததோ, ஏதோ நாடகத்தில் புருஷனைப் பறிகொடுத்தவள் புலம்புகிற பாட்டு. என் அம்மா விழுந்தடித்து ஓடி ஊசியைத் தூக்கினாள்.

அப்புறம்தான் வேடிக்கை ஆரம்பித்தது. "நூறு கண்ணாலத்துல கேட்டிருக்கறோம், நமக்குத் தெரியாததா" என்று என் பெரியப்பா எழுந்தார். அவருக்குத் தெரிந்தது பாட்டில் மாடுகள் வருகிற இடம் மட்டும். நாலு அடி பாடிவிட்டு நின்றுவிட்டார். அத்தை பந்திப் பாகத்தை எடுத்தாள், அவளுக்குப் பொரியல் வரைக்கும்தான் தெரியும். பின்னாலிருந்து யாரோ மக்களைப் பெற்று வாழ்க என்கிற கடைசிப் பகுதியைத் தொடங்கிவிட்டார்கள். ஆக, பாட்டில் மாப்பிள்ளை ஊர் எல்லைக்கு வருவதற்குள்ளேயே எனக்குப் பிள்ளைகள் பிறந்துவிட்டன. காதில் விழுந்த துண்டை வைத்துக்கொண்டு முழுப் பாட்டும் தெரியும் என்று இத்தனை வருஷமாக ஒவ்வொருத்தரும் நம்பிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. இத்தனை நாள் காத்திருந்து, என் முறை வரும்போது என் பாட்டைக் கந்தல் பண்ணுகிறார்களே என்று. சடங்கு நடத்திய அருமைக்காரர் வெயில் ஏறுவதைப் பார்த்து, "பாட்டு இல்லீனா போவுது, துணிய எடுத்துப்போடலாமுங்க" என்றார். மாப்பிள்ளையின் அம்மா, என் மாமியாராகி அரைமணி நேரம்கூட ஆகாதவர், "ஆமாங்க, பந்திக்கு நேரமாச்சு, எடுத்துப்போடுங்க" என்றார். அருமைக்காரர் துணியில் கை வைத்துவிட்டார்.

"எனக்குத் தெரியுமுங்க" என்றேன்.

பந்தலே என் பக்கம் திரும்பியது. கல்யாணப் பெண் வாய் திறக்கக் கூடாது. அதுவும் இந்தப் பாட்டை ஒரு பெண்பிள்ளை பாடி யாரும் பார்த்ததே இல்லை. என் அப்பா முகம் கறுத்துப்போனது. மாமியார் என்னை மேலும் கீழும் பார்த்து, "புள்ளைக்கு வாய் கொஞ்சம் சாஸ்தியாட்ட இருக்குது" என்றார். அந்தப் பேர் என்னோடு அந்த வீட்டுக்குள் நுழைந்துவிட்டால் ஆயுசுக்கும் போகாது என்று எனக்குத் தெரியும். சும்மா இருந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். அப்போது துணிக்கடியில் என் கையைப் பிடித்திருந்தவர், அதுவரை என்னிடம் ஒரு வார்த்தை பேசாதவர், மெதுவாகச் சொன்னார்: "தெரிஞ்சாப் பாடு அம்மணி. எனக்குக் காலு மரத்துப்போச்சு."

பாடினேன். பாட்டுக்காரர் எனக்கு எதிரில் வந்து உட்கார்ந்துகொண்டார். நான் தடுமாறுகிற இடத்தில் பானை மாதிரி கையை வளைத்துக் காட்டுவார், கொம்பு மாதிரி விரலை நீட்டிக் காட்டுவார். குதிரைக்கு அவர் உட்கார்ந்தபடியே துள்ளியதில் எனக்குச் சிரிப்பு வந்து ஒரு அடி போயே போய்விட்டது. மேளக்காரர் பெரிய மனசு பண்ணிக் கூட ஒரு தட்டுத் தட்டி அதை மூடிவிட்டார். பெண்ணின் அழகைச் சொல்கிற இடம் வந்தது. என்னை நானே புகழ்ந்துகொள்ள வேண்டியதாயிற்று. கண்ணை மூடிக்கொண்டு அதையும் பாடினேன். ஒருவழியாக முடிந்தது, துணியை எடுத்தார்கள், ஜனங்கள் சாப்பிடப் போனார்கள்.

இலை முன்னால் உட்கார்ந்தபோதுதான் எனக்கு உறைத்தது. பந்தலில் இருந்த அத்தனை பேரும் பாட்டைக் கேட்டாயிற்று, நான் மட்டும் கேட்கவில்லை. பாடுகிறவளுக்கு அடுத்த அடி என்ன என்பதுதான் கவலை, கேட்க ஏது நேரம்? அழுகை வந்துவிட்டது. பிறந்த வீட்டைப் பிரிகிற துக்கம் என்று நினைத்து ஆளுக்கொரு பக்கம் தேற்றினார்கள். நானும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

புகுந்த வீடு போத்தனூரை ஒட்டி, ரயில் பாதைக்குப் பக்கத்துத் தோட்டம். மாமியார் என்னைத் திட்டவில்லை. ஆனால் அந்தப் பாட்டைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. நானும் வாயைக் கட்டிக்கொண்டு வேலையைப் பார்த்தேன். ஒரு மாதம் போயிருக்கும். ஒருநாள் காலையில் ராகி மாவு பிசைந்துகொண்டிருந்தபோது வாசலில் மேளச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தால் எங்கள் ஊர்ப் பாட்டுக்காரரும் மேளக்காரரும் புழுதிக் காலோடு நிற்கிறார்கள்.

"என்னப்பா, இந்நேரத்துல என்ன விசேசம்?" என்றார் மாமியார்.

"விசேசமெல்லாம் ஒண்ணுமில்லீங்க. அம்மணிக்கு நான் பாட வேண்டியது நின்னுபோச்சுங்க. அன்னீலிருந்து எனக்குச் சோறு எறங்கலீங்க. இப்பத் தொண்டை வந்திருச்சுங்க, பாடிப்போட்டுப் போயிர்றேனுங்க."

மாமியார் தோட்டத்துப் பக்கம் திரும்பி என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். அவர் சேற்றுக் கையோடு வந்தார். எங்கள் இருவரையும் கைகூடக் கழுவ விடாமல் பாயில் உட்கார வைத்து, கை கோக்கச் சொல்லி, கொடியில் காய்ந்த துண்டை எடுத்து மேலே போட்டார் மாமியார். மாவுக் கையும் சேற்றுக் கையும் ஒட்டிக்கொண்டன.

பாட்டுக்காரர் பாடினார். நடுவில் கூட்ஸ் வண்டி ஒன்று போனது. அது போய்த் தொலைகிற வரைக்கும் நிறுத்தி, விட்ட அடியிலிருந்து மறுபடி எடுத்தார். பெண்ணின் அழகு வந்த இடத்தில் என் வீட்டுக்காரர் முழங்கையால் என்னை ஒரு இடி இடித்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு கேட்டேன், ஒரு அடி விடாமல் கேட்டேன். கல்யாணத்தன்றுகூட எனக்கு அத்தனை சந்தோஷம் இல்லை.

முடிந்ததும் அவர்களுக்கு மோர் கொண்டுவர எழுந்தேன். மாமியார் வாசற்படியில் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை.

"உன்ற தொண்டை இன்னொருக்காத் தாங்குமாப்பா?" என்று பாட்டுக்காரரைக் கேட்டார்.

"தாங்குமுங்க. யாருக்குங்க பாடோணும்?"

"என்ற கண்ணாலத்துல இந்தப் பாட்டுப் பாடறப்பப் பாதியில மழை புடிச்சுக்கிச்சு. பந்தலே சாஞ்சுபோச்சு. மிச்சத்த யாரும் பாடவே இல்ல. அதுக்கப்பறம் எங்க பாடுனாலும் அந்த எடம் வந்தா எந்திரிச்சுப் போயிருவேன்."

மாமனார் மாட்டுக்குத் தீவனம் போட்டுக்கொண்டிருந்தார். மாமியார் நேராகப் போய் அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். "பேரன் எடுக்கற வயசுல உனக்கு என்ன ஆயிப்போச்சு?" என்று முணுமுணுத்துக்கொண்டே வந்த மாமனார், பாயில் உட்கார்ந்ததும் தானாகவே கையை நீட்டினார். நான் துண்டை உதறி இரண்டு கைகளின் மேலும் போட்டேன்.

"எங்கிருந்துங்க எடுக்கறது?" என்றார் பாட்டுக்காரர். "மழை வந்த எடத்துல இருந்துங்களா?"

"மொதல்ல இருந்து பாடப்பா" என்றார் மாமியார்.