ஜெபம் இல்லாத ஞாயிறு

ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் சலவைக்கூடத்தில் அவளுக்கு விரிப்பு மடிக்கும் வேலை. ஒரு விரிப்புக்கு இரண்டு பேர் வேண்டும். எதிர்முனையைப் பிடிப்பவளை எல்லாரும் ‘பட்டாசு’ என்பார்கள், வாய் அப்படி. பல வருஷமாக இருவரும் விரிப்பை உதறுவார்கள், நெருங்குவார்கள், முனையைக் கைமாற்றிவிட்டு விலகுவார்கள். அதற்குமேல் பழக்கமில்லை. அவளுக்கு வேண்டியவர்கள் அத்தனை பேரும் சர்ச்சில் இருந்தார்கள்.

சின்ன வயதிலிருந்தே பாடகர் குழுவில் இரண்டாம் குரல் அவளுடையது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அந்தக் குறை தெரியாமல் பார்த்துக்கொண்டது அந்தக் கூட்டம்தான். விசுவாசம் எப்போது கழன்றது என்று அவளுக்கே தெரியாது. சாவு, சண்டை என்று எதுவும் நடக்கவில்லை. கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தவளுக்கு, தனக்குத்தானே பேசிக்கொண்டிருப்பது ஒருநாள் புரிந்துவிட்டது. போதகரின் மனைவியிடம் மட்டும் சொன்னாள். அடுத்த வாரம் சபைக்கே தெரிந்திருந்தது.

“உனக்காக ஜெபிக்கிறோம்” என்றார்கள் தோழிகள். அதன்பிறகு யாரும் அவள் வீட்டுப் படி ஏறவில்லை.

அக்கா போனில் மன்றாடினாள். “சும்மா வந்து உக்காந்துட்டுப் போயேன்டி. உன் மண்டைக்குள்ள யாரு எட்டிப் பாக்கப் போறா?”

“நான் பாக்கறேனே, அக்கா.”

ஞாயிறுகள் அவளைத் தின்றன. மனுஷக் குரல் கேட்பதற்காகவே பஸ் ஏறி, கடைசி நிறுத்தம் வரை போய்த் திரும்பினாள். காய்ச்சலில் படுத்தபோது ஒரு வாய் தண்ணீர் கொடுக்க நாதியில்லை. செத்தாலும் நாற்றம் வந்துதான் தெரியும் என்று தோன்றியது. அந்த எண்ணம் பிறகு விடவேயில்லை. ஒருமுறை மானத்தை விட்டு சர்ச் வாசல் வரை போனாள். உள்ளே பாடிக்கொண்டிருந்தார்கள். இரண்டாம் குரலை வேறொருத்தி எடுத்திருந்தாள். நன்றாகவே பாடினாள். இவள் வந்த வழியே திரும்பிவிட்டாள்.

வேறு வழி தெரியாமல் குடியிருப்பின் நுழைவாசலில் ஒரு தாள் ஒட்டினாள்: ‘ஞாயிறு காலை டீக்கு வரலாம். ஜெபம் கிடையாது. வியாபாரமும் கிடையாது.’ கதவைத் திறந்து வைத்துக் காத்திருந்தாள். ஒரு ஈ காக்கைகூட வரவில்லை. அடுத்த வாரமும் அப்படியே. அதற்கடுத்த வாரம் ஒருவர் எட்டிப் பார்த்து, “உங்க வீட்ல தண்ணி வருதா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

மறுநாள் வேலையில், விரிப்பைப் பிடித்தபடியே உடைந்துபோனாள். “என்னடி ஆச்சு?” என்று பட்டாசு கேட்டதுதான் தாமதம், எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

பட்டாசு வெடித்தாள். “இத்தனை வருஷமா உன் மூஞ்சிக்கு நேரா நிக்கறேன். என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா? போயும் போயும் சுவத்தை டீக்குக் கூப்பிட்டிருக்கே!”

“நீங்க சாமி கும்பிடறவங்களாச்சே...”

“கும்பிடறேன், கும்பிடாம போறேன், அது என் பாடு. ஞாயித்துக்கிழமை வீட்ல கிடந்தா மருமக மூஞ்சியைப் பாக்கணும். நான் வரேன்.”

வந்தாள். இரண்டாவது டம்ளர் டீ ஆறுவதற்குள் பேச்சு தீர்ந்துவிட்டது. ஒரு கூட்டமே இருந்த இடத்தில் இந்த ஒருத்தி எந்த மூலைக்கு என்று அவளுக்குத் தோன்றியது. அழுகையோடு அதை வாய்விட்டுச் சொல்லியும்விட்டாள்.

“போதாதுதான்” என்றாள் பட்டாசு. “எனக்கு மட்டும் நீ போதுமா? இருக்கறதை வெச்சு ஓட்டுவோம். முதல்ல மூக்கைச் சிந்து.”

அதிலிருந்து பட்டாசு வாராவாரம் வருகிறாள். பேரனுக்கு உடம்பு சரியில்லாத வாரம் வரமாட்டாள். அந்த ஞாயிறு இவளுக்குப் பழையபடி நரகம்தான். ஆனால் திங்கட்கிழமை, “நேத்து ஏன் வரலை?” என்று சண்டை பிடிக்க ஓர் ஆள் இருக்கிறாள்.