வெயிலுக்கு ஆகாத சீமாட்டி

என் மனைவியை முதன்முதலில் பார்த்த அன்று, தான் ஒரு இரத்தக்காட்டேரி என்றுதான் அவள் சொன்னாள்.

ஃப்ரிபூர்க்கில் ஜன்னல்களுக்கு மறைப்புப் பொருத்துவது என் வேலை. பழைய நகரில் மூன்றாம் மாடி வீடொன்றுக்கு அனுப்பினார்கள். கதவைத் திறந்தவளுக்கு ஏறக்குறைய என் வயது, நாற்பதைத் தாண்டியிருந்தாள். உள்ளே பட்டப்பகலில் இருட்டு. சுவரில் மீசையும் வாளுமாக அவளுடைய மூதாதையர் நான்கைந்து பேர்.

"பள்ளிக்கூடத்திலை என்னைக் காட்டேரி எண்டுதான் கூப்பிடுறவை. பரம்பரையும் பிரபுப் பரம்பரை. எல்லாம் பொருந்துதுதானே?" அவள் பிரெஞ்சில் சொன்னதை எங்கள் தமிழில் எழுதுகிறேன்.

பிறவியிலேயே அவளுடைய இரத்தத்தில் ஒரு கோளாறு. வெயில் பட்டால் தோலுக்கடியில் தீப்பிடித்ததுபோல் எரியும். வெறும் கண்ணாடி அதைத் தடுக்காது. ஏழு ஜன்னல்களுக்கும் தனிப் படலம் ஒட்டித் தடித்த மறைப்புப் போட எனக்கு நான்கு நாள் பிடித்தது. தினமும் கோப்பி தரட்டுமா என்று கேட்டாள். தினமும் வேண்டாம் என்றேன். தனியாக இருந்து பழகிவிட்டவன் நான். மூன்றாம் நாள் நேராகவே கேட்டாள், வேலை முடிந்த பிறகு எங்காவது போய் உட்கார்ந்து கதைப்போமா என்று.

"நீங்கள் பெரிய இடம். எனக்குச் சரிவராது."

"பெரிய இடமோ? உடுப்புத் தோய்க்கிற பொது அறைக்கு நானும் கீழ்வீட்டு ஆக்களோடை முறை வைச்சுத்தான் போறன்!"

சிரித்துவிட்டேன். ஆனால் போகவில்லை.

கடைசி நாள் சாமான்களை ஏற்றி வான் வண்டியைக் கிளப்பும்போது அவள் ஓடி வந்தாள். தொப்பியில்லை, கையுறையில்லை. நான் ஜன்னலடியில் விட்டுவிட்டு வந்த, மட்டம் பார்க்கும் ரசமட்டத்தை நீட்டினாள். நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு புறப்பட்டேன். இரண்டு தெரு தாண்டிய பிறகுதான் உறைத்தது, வெளியே நல்ல பங்குனி வெயில். திரும்பி ஓடினேன். சமையலறையில் இரண்டு கைகளையும் குளிர்ந்த நீருக்குள் வைத்தபடி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏன் வெளியிலை வந்தனீங்கள்? அதை வைச்சிருந்தால் நானே திரும்பி வந்திருப்பனே!"

"ஓடேக்கை அது யோசனையிலை வரேல்லை" என்றாள்.

அன்று கோப்பியை நான்தான் போட்டேன். கோப்பையைப் பிடிக்கக்கூட அவளால் முடியவில்லை. கை ஆறும்வரை வேலை முடிந்ததும் அங்கேதான் போனேன். ஆறிய பிறகும் போனேன். ஆனாலும் கல்யாணம் என்று அவள் வாயெடுத்தால் பேச்சை மாற்றிவிடுவேன்.

ஒரு மழை ஞாயிறு ஆற்றங்கரையில் நடந்துகொண்டிருந்தோம். அவளுக்குப் பிடித்த காலநிலை. சட்டென்று நின்றாள்.

"ஓம் எண்டால் ஓம் எண்டு சொல்லுங்கோ. மழை விடப்போகுது, நான் ஓடவேணும்."

"ஓம்" என்றேன்.

ஜெர்மன் பேசும் ஓஸ்டர்முண்டிகனில் இருக்கும் அக்காவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். "வெயிலுக்குள்ளை வரமாட்டாவோ? என்னடா, காட்டேரியைப் பிடிச்சு வைச்சிருக்கிறாய்?" என்றாள். கோபத்தில் மூன்று வாரம் நான் பேசவில்லை. பிறகு அவளே எடுத்தாள். "ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூட்டிக்கொண்டு வா."

போனால், அக்கா வீட்டு ஜன்னல்கள் எல்லாவற்றிலும் படுக்கை விரிப்புகள். விரிப்புப் போதாத சமையலறை ஜன்னலில் அவளுடைய கல்யாணக் கூறைச்சேலை. அக்கா துப்புரவு வேலை செய்யும் ஆஸ்பத்திரியில் ஒரு தாதியிடம் அந்த நோயைப்பற்றி விவரமாகக் கேட்டிருக்கிறாள். என்னை ஓரமாக இழுத்து, "உள்ளி கனக்கப் போட்டிட்டனடா, சாப்பிடுவாவோ?" என்றாள். காட்டேரிக்குப் பூண்டு ஆகாது என்பதை நினைத்துத்தான் கேட்கிறாள் என்று எனக்குப் புரிந்தது.

உள்ளிக்குழம்பை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள் அந்தச் சீமாட்டி. அக்காவின் முகத்தைப் பார்க்கவேண்டுமே!

கார்த்திகையில், பனிப்புகார் மூடிய ஒரு காலையில் பதிவுத்திருமணம் செய்துகொண்டோம். இப்போது அக்கா தொலைபேசி எடுத்தால் என்னைக் கேட்பதில்லை, அவளைத்தான் கேட்கிறாள். பாதி ஜெர்மன், பாதி தமிழ். என்ன கதைக்கிறீர்கள் என்றால் இருவருமே சொல்வதில்லை.