மாமா நேர்ந்துகொண்ட என் முடி

மழித்த தலையில் சந்தனத்தைக் குழைத்துப் பூசினால் முதலில் சில்லென்று இருக்கும், பிறகு காயக் காயத் தோல் இறுகி, யாரோ தலையைத் துணியில் முடிந்து வைத்த மாதிரிப் பிடிக்கும். மலையிலிருந்து இறங்கும் பஸ்ஸில் காற்றடிக்க, அது பொடிப்பொடியாகக் கழுத்துக்குள் உதிரும். பதினோரு வயதில் இதையெல்லாம் நான் தெரிந்துகொண்டது பக்தியால் அல்ல, என் தாய்மாமாவின் தாராள மனத்தால். பிறர் பொருளை அள்ளிக் கொடுப்பதில் அவரைப் போன்ற வள்ளலை நான் இன்னும் பார்க்கவில்லை.

அவருக்குத் திருத்தணியில் துணிக்கடை. சித்தூரில் எங்கள் வீட்டுக்கு வெறுங்கையோடு வரமாட்டார். கொண்டுவருவது யாரையாவது குத்தாமலும் விடாது. கறுப்பான என் அக்காவுக்கு ஒருமுறை பவுடர் டப்பா: "பூசிக்கினு வெளிய வாடி, இருட்டுல இன்னான்னு தெரியாம மெரள்றோம்." வெல்ல மண்டியில் கணக்கெழுதிய நைனாவுக்குத் தான் கட்டிச் சலித்த வேட்டி: "மண்டி தூசிக்கு இது போதும் மாப்ளே." அக்கா பவுடரைப் பூசிக்கொண்டு அழுதாள், நைனா வேட்டியைக் கட்டிக்கொண்டு சிரித்தார். எனக்கு அந்த அழுகையும் பிடிக்கவில்லை, அந்தச் சிரிப்பு அதைவிடப் பிடிக்கவில்லை.

அவர் வராத நாட்களில் நாங்கள் சுகமாகத்தான் இருந்தோம். நைனா மண்டியிலிருந்து வாழைச்சருகில் புது வெல்லம் மடித்துக்கொண்டு வருவார், வறுத்த வேர்க்கடலையோடு கடித்தால் வேறெதுவும் வேண்டாம். விடுமுறை நாளில் தலைக்குக் குளித்துவிட்டு, மாடிப்படியில் வெயிலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, இடுப்பைத் தாண்டிய முடியை உலரவிட்டு, மாம்பழச் சாற்றைப் பாயில் ஊற்றிக் காயவைத்த "மாந்தரா"வைக் கிழித்துக் கிழித்துத் தின்றபடி கையில் கிடைத்த புத்தகத்தையெல்லாம் படிப்பேன். அழகென்று என்னிடம் இருந்தது அந்த முடி ஒன்றுதான். தெருவில் எனக்குப் பெயரே "ஜடைக்காரி".

ஆந்திரா தனியாகப் பிரிந்து சித்தூரும் திருத்தணியும் அந்தப் பக்கம் போனபோது நான் சின்னக் குழந்தை. மாமா கொதித்துப்போனாராம். இனித் தெலுங்கில் ஒரு வார்த்தை பேசமாட்டேன், காதிலும் வாங்கமாட்டேன் என்று சபதம் செய்தார். அது அவர் இஷ்டம். அதோடு நிற்காமல், தமிழ் பேசுகிற ஊரெல்லாம் மெட்ராசோடு சேர்ந்தால் திருமலையில் முடி இறக்குவதாக வேண்டிக்கொண்டார்: என் முடியை. அவர் தலை வழுக்கை, கொடுக்க அங்கே ஒன்றும் இல்லை. அவர் மகளுக்கு நல்ல முடி, ஆனால் அவள் பெண் பார்க்க வருகிற வயதில் இருந்தாள். மாமாவின் மூக்குக்குக் கீழே முறுக்கிவிட்ட பெரிய மீசை ஒன்று இருந்தது. அதைக் கடவுள் கண்ணில் படாமல் மறைத்துவிட்டார் போலிருக்கிறது.

பல வருட இழுபறிக்குப் பிறகு எல்லை முடிவானது. திருத்தணி மெட்ராசுக்குப் போயிற்று, சித்தூர் ஆந்திராவிலேயே நின்றது. மாமா மிட்டாய்ப் பொட்டலத்தோடு வந்து இறங்கினார். வேண்டுதல் பலித்துவிட்டதாம்.

"எல்லா ஊரும் சேந்தாத்தான மச்சான்? நாங்க இங்கியே கீறமே" என்றார் நைனா, மெல்ல.

"எனுக்குக் கெடச்சிதா இல்லியா? சாமிகிட்ட வக்கீலு மாதிரி பேசாத மாப்ளே."

எனக்குப் பொறுக்கவில்லை. "எங்க ஊரு ஆந்திராவுல கீது, என் முடியும் ஆந்திராவுதுதான் மாமா. உங்குளுக்கு அதுல பாத்தியதை இல்ல."

"சாமியும் ஆந்திராவுலதான்டி கீறாரு. கெளம்பு."

வீடே சிரித்தது. அடுத்த வாரம் என் தம்பிக்குக் காய்ச்சல் கண்டது. "பாத்தியா?" என்று மாமா அம்மாவைக் கேட்டார், அத்துடன் அம்மா பயந்து ஒத்துக்கொண்டாள். தம்பி மழையில் ஆடியதால் வந்த காய்ச்சல் என்று நான் சொன்னதை யாரும் கேட்கவில்லை.

மலையில், முடி இறக்குகிற கல்யாணக்கட்டையில், நாவிதர் என் தலையை நனைத்தபடி, "மொக்கு எவரிதம்மா?" என்றார். வேண்டுதல் யாருடையது என்று கேட்கிறார். "மாமதி" என்றேன், மாமாவுடையது என்று. ஜடை முழுசாகவே விழுந்தது. விழுந்த பிறகும் நுனியில் ரிப்பன் கட்டியே இருந்தது. அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். மாமா என் பக்கத்தில் சம்மணமிட்டு, கண்ணை மூடிக் கைகூப்பி, உருகிக்கொண்டிருந்தார், தன்னுடையதையே கொடுப்பது போல.

நான் பள்ளிக்கூடத்தில் படித்த சுத்தமான தெலுங்கில் நாவிதரிடம் சொன்னேன்: மாமாவுக்கும் வேண்டுதல் உண்டு, மீசையைத் தருகிறார், கேட்டால் கூச்சப்படுவார். தெலுங்கைக் காதில் வாங்காத மாமா கண்ணைத் திறக்கவில்லை. ஈரக் கை மூக்கடியில் பட்டபோதுதான் திறந்தார். என்னவென்று புரிவதற்குள் இடது பாதி போய்விட்டது.

"டேய், இன்னாடா பண்ற!" என்று அவர் போட்ட கூச்சலைப் பரவசம் என்று நினைத்துச் சுற்றியிருந்த மொட்டைகள் எல்லாம் "கோவிந்தா!" போட்டன. அத்தனை பேர் நடுவில், சாமிக்குத் தரமாட்டேன் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. மறுபாதியைத் தானே காட்டினார். முந்தானைக்குள் அழுதுகொண்டிருந்த அம்மாவின் தோள் இப்போது சிரிப்பில் குலுங்கியது.

கீழே திருப்பதிக்கு வந்ததும் மாமா கடைத்தெருவில் ஒரு மரச்சீப்பு வாங்கினார். ஹோட்டலில் எல்லார் எதிரிலும் அதை என் மொட்டைத் தலைக்கு நேரே நீட்டி, "நல்லா வாரிக்கினு இஸ்கூலுக்குப் போ" என்றார்.

"நீங்களே வெச்சிக்குங்க மாமா. எனுக்கு முன்னாடி உங்குளுக்குத்தான் மொளைக்கும்."

அடி விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். நைனா இலையிலிருந்து கண்ணை எடுக்காமல், "இன்னொரு தோசை துன்றியாம்மா?" என்று கேட்டார். அவர் என் பக்கம் நின்றது அப்படித்தான். நெய் மணக்க வந்த அந்தத் தோசையை நான் அவசரப்படாமல் தின்றேன்.

இப்போது திருப்பதியிலேயே கல்லூரியில் படிக்கிறேன். எல்லைக்காகச் சுவர்களில் எழுதிய கோஷங்கள் வெள்ளையடிப்பில் போய்விட்டன, கூட்டம் போட்டுக் கத்தியவர்கள் பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள். மாமாவின் சபதமும் போன இடம் தெரியவில்லை. திருத்தணிக் கடையில் வியாபாரம் படுத்ததும் ஜவுளி மூட்டையோடு எல்லை தாண்டிப் புத்தூருக்கும் சித்தூருக்கும் அலைகிறார். தெலுங்கு தண்ணீராக வருகிறது. என் முடி எந்த வைராக்கியத்துக்காகப் போனதோ, அந்த வைராக்கியத்தை அவர் மூட்டைக்கு இரண்டு புடவை கூடுதலாக விற்பதற்காக விட்டுவிட்டார்.

போன வாரம் விடுதிக்கு என்னைப் பார்க்க வந்தார். மீசை பழையபடி முறுக்கியிருந்தது. மகன் பரீட்சை எழுதுகிறானாம், எப்படியாவது தேறவேண்டுமாம். மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பியவர், "ஜட பாக பெரிகிந்தே!" என்றார், ஜடை நன்றாக வளர்ந்திருக்கிறதே என்று.

நான் ஜடையை முன்னால் இழுத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"உங்க புள்ளைக்கும் தல கீது மாமா" என்றேன்.